காசி ராஜா வெட்டிய கிணறு

இங்கிலாந்து போய் வந்தவர்கள் வீட்டு ஷோகேஸைக் கவனித்திருக்கிறீர்களா? பிக் பென் கடிகாரத்துக்கு முன்னால் ஒரு போட்டோ, பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் விறைப்பாக ஒரு போட்டோ, தேம்ஸ் பாலத்தில் தலைமுடி பறக்க ஒரு போட்டோ. மூன்றிலும் ஸ்வெட்டர் மட்டும் ஒன்றாகவே இருக்கும்!

என்னிடமும் ஒரு போட்டோ இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும், “இது எந்த ஊர் மண்டபம் சார், வடக்கே யாத்திரை போனீங்களா?” என்றுதான் கேட்கிறார்கள். இரும்புத் தூண்கள். மேலே கலசம் வைத்த கவிகை. உள்ளே பொன்வண்ணம் பூசிய ஒரு குட்டி யானை. பக்கத்தில், கண்டாங்கிச் சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டு போட்ட ஓர் அம்மா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஏதோ சொந்தத் தோட்டத்தில் நிற்கிற மாதிரி நிற்கிறார்.

அந்த இடம் இருப்பது ஆக்ஸ்ஃபோர்டுஷயரில், சில்டர்ன் குன்றுகளின் மேல், ஸ்டோக் ரோ என்கிற குட்டி கிராமத்தில். மண்டபத்துக்குக் கீழே இருப்பது ஒரு கிணறு. அதை வெட்டப் பணம் கொடுத்தவர்... காசி மகாராஜா!

வெள்ளைக்காரன் நமக்கு ரயில் விட்டான், தந்தி அடித்தான், அணை கட்டினான் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை. நம்ம ஊர் ராஜா ஒருத்தர் வெள்ளைக்காரன் கிராமத்துக்குத் தண்ணீர் கொடுத்தார் என்றால் நம்ப முடிகிறதா? எனக்கும் நேரில் பார்க்கிறவரை வெறும் துணுக்குச் செய்திதான்.

நான் இங்கிலாந்து போன கதை ரொம்பச் சின்னது. பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிற ஒரு பி.காம். பட்டதாரி சொந்தக் காசில் விமானம் ஏறுவது நடக்கிற காரியமா? ரெடிங்கில் (எழுதும்போது ரீடிங், வாயில் வரும்போது ரெடிங்!) கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிற என் கல்லூரி நண்பன் போன் செய்தான். “அம்மாவைக் கூட்டிட்டு வர ஒரு ஆள் வேணும்டா. தனியா ஃப்ளைட் ஏற மாட்டேங்கிறாங்க. டிக்கெட் என் செலவு.” அவன் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் பெட்டியைக் கீழே இறக்கியிருந்தேன்.

அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. அருப்புக்கோட்டைப் பக்கம் கிராமம். விமானத்தில் பத்து மணி நேரமும் மடியில் ஒரு மஞ்சள் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே என்ன என்று பணிப்பெண் சைகையில் கேட்டதற்கு, “பத்திரம்” என்றார். நான் பயந்து போய்ப் பார்த்தேன். நிஜமாகவே பத்திரம்தான்! ஊரில் இருக்கிற மூன்று ஏக்கர் நிலத்தின் தாய்ப்பத்திரம்.

விஷயம் இதுதான். நிலத்தை ஒட்டி நாலுவழிச் சாலை வந்துவிட்டது. மனை போட்டு விற்கிற ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். நண்பனுக்கு ரெடிங்கில் வீடு வாங்க முன்பணம் வேண்டும். அம்மா கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அம்மா முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. “பாப்போம்யா” என்றார். அந்த ‘பாப்போம்’ எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை. நண்பன், அவன் மனைவி, அம்மா, நான், ஒரு தூக்கு புளியோதரை. காரில் கிளம்பினோம்.

ஊரைத் தாண்டியதும் சாலை சுருங்கிவிடுகிறது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு வேலிச் செடி. எதிரில் ஒரு கார் வந்தால் யாராவது ஒருவர் ஓரமாக ஒதுங்கி, கை காட்டி, புன்னகைத்து, வழிவிட வேண்டும். நம் ஊரில் இந்த அகலத்தில் ஒரு சாலை இருந்தால் இந்நேரம் இரண்டு பஸ்ஸும் ஒரு மாட்டு வண்டியும் மாட்டிக்கொண்டு, டீக்கடை ஒன்று திறந்திருப்பார்கள்!

மேலே செம்பழுப்பு நிறத்தில் பருந்துகள் வட்டமிட்டன. ‘ரெட் கைட்’ என்கிற அந்த இனம் இங்கிலாந்தில் அடியோடு அழிந்து போயிருந்ததாம். 1989ல் ஆரம்பித்து ஸ்பெயின் நாட்டிலிருந்து குஞ்சுகள் கொண்டுவந்து இந்தக் குன்றுகளில் விட்டார்கள். இன்று அண்ணாந்து பார்த்தால் ஒன்றாவது தென்படுகிறது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கருட தரிசனம் ஆயிற்றே!

முதலில் யூவெல்ம் என்ற கிராமம். ஜெஃப்ரி சாஸர் என்று ஆங்கில இலக்கியத்தின் மூத்த கவிஞர் ஒருவர் இருந்தாரல்லவா, அவருடைய பேத்தி ஆலிஸ் சாஸரின் கல்லறை இங்கே தேவாலயத்துக்குள் இருக்கிறது. 1475ல் இறந்துபோன சீமாட்டி. பளிங்கு போன்ற வெண்கல்லில் கை கூப்பிப் படுத்திருக்கிறார். கையில் ராஜ மரியாதைப் பட்டை. அதற்குக் கீழே, கல் ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தால் இன்னொரு உருவம். எலும்பும் தோலுமாக, வாய் பிளந்த பிணம்!

“கீழ இருக்கது யாருய்யா?” என்றார் அம்மா.

“அவங்களேதாம்மா. மேல வாழ்ந்தப்போ, கீழ செத்தப்புறம்.”

இன்னொரு அதிசயம் கேளுங்கள். அந்தப் பிணத்தின் முகத்துக்கு நேர் மேலே, கல் பலகையின் அடிப்பக்கத்தில், அழகான ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள். நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. தரையோடு தரையாகப் படுத்தால்தான் தெரியும். நான் படுத்துப் பார்த்தேன். எழுந்திருக்க நண்பன் கை கொடுக்க வேண்டியிருந்தது.

இந்த ஆலிஸும் அவர் கணவரும் 1437ல் தேவாலயத்தை ஒட்டி ஓர் அன்னச்சத்திரம் மாதிரி கட்டினார்கள். பதின்மூன்று ஏழைகள் தங்க வீடு, பார்த்துக்கொள்ள இரண்டு பாதிரியார்கள். பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடம். செலவுக்குச் சில கிராமங்களின் வருமானத்தை எழுதி வைத்தார்கள். அந்த வீடுகளில் இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள். அறுநூறு வருஷத்தைத் தொடப் போகிறது!

“கோயில்ல கட்டளை எழுதி வெக்கிற மாதிரி” என்றார் அம்மா. வேறு ஒன்றும் சொல்லவில்லை. மஞ்சள் பையை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டார்.

தேவாலயத் தோட்டத்தில் எனக்கென்று ஒரு வேலை இருந்தது. ‘படகில் மூன்று பேர்’ என்ற புத்தகத்தை எழுதி 1889லிருந்து உலகத்தைச் சிரிக்க வைக்கிற ஜெரோம் கே. ஜெரோம் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். 1927ல் இறந்தார். வாராவாரம் பத்திரிகைக்கு நகைச்சுவை எழுதுகிறேன் பேர்வழி என்று திரிகிற அத்தனை பேருக்கும் அவர் தாத்தா முறை. குல தெய்வத்துக்குக் கும்பிடு போடுவது போல ஒரு கும்பிடு போட்டேன். “ஏதாவது வேண்டிக்கிட்டியா?” என்றான் நண்பன். “செக் சீக்கிரம் வரணும்னு” என்றேன்.

அடுத்து நஃபீல்டு. கொஞ்ச தூரம்தான். வில்லியம் மோரிஸ் என்ற சைக்கிள் ரிப்பேர்க்காரர் கையில் 4 பவுண்டுடன் தொழில் ஆரம்பித்து, மோரிஸ் கார் கம்பெனி முதலாளியாகி, நஃபீல்டு பிரபுவாக வாழ்ந்த வீடு இங்கே இருக்கிறது. 1933லிருந்து 1963ல் இறக்கும் வரை இங்கேதான் இருந்தார். அரண்மனையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். நம் ஊரில் ரிட்டயர்டு இன்ஜினீயர் வீடு மாதிரி இருக்கிறது. படுக்கை அறை அலமாரியைத் திறந்தால்... பட்டு அங்கி இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? சுத்தியல், திருப்புளி, ரம்பம்! ராத்திரி தூக்கம் வராவிட்டால் எழுந்து எதையாவது ரிப்பேர் பண்ணுவாரோ என்னவோ.

பிள்ளை இல்லாத மனிதர். சம்பாதித்ததில் பெரும்பகுதியை ஆஸ்பத்திரிகளுக்கும் படிப்புக்கும் கொடுத்தார். மூச்சு விட முடியாத நோயாளிகளுக்கான ‘இரும்பு நுரையீரல்’ என்ற கருவியைத் தன் தொழிற்சாலையிலேயே செய்து ஆஸ்பத்திரிகளுக்கு இலவசமாக அனுப்பினார். அதில் ஒன்று வீட்டிலேயே காட்சிக்கு இருக்கிறது.

“இவர் கம்பெனி மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு கார்தாம்மா நம்ம ஊர்ல அம்பாசிடரா ஓடுச்சு” என்று விளக்கினான் நண்பன். அம்மா முகம் மலர்ந்தது. “பெரியாஸ்பத்திரி டாக்டரய்யா வெச்சிருந்தாரே, அந்தக் காரா? உன்னப் பெத்துக்கப் போறப்ப அதுலதான் போனேன்!” 2014ல் உற்பத்தியையே நிறுத்திவிட்ட அந்தக் காருக்கு இப்படி ஒரு சாட்சி இங்கிலாந்துக் கிராமத்தில் கிடைக்கும் என்று யார் நினைத்தது!

மூன்று மணி வாக்கில் ஸ்டோக் ரோ வந்தோம். ஒரு சாலை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு தேவாலயம், ஒரு கடை, சாராயத்துக்குப் பஞ்சமில்லாமல் மதுவிடுதி. அவ்வளவுதான் ஊர். சாலையோரத்தில் திடீரென்று அந்தக் கவிகை. கோட்டும் தொப்பியும் போட்டவர்கள் கூட்டத்தில் யாரோ தலைப்பாகையோடு நிற்கிற மாதிரி!

அங்கே ஏன் கிணறு? சில்டர்ன் குன்றுகள் சுண்ணாம்புப் பாறை. மழைக்குக் குறைவில்லை. ஆனால் பெய்த தண்ணீர் சல்லடையில் விட்டது போலக் கீழே இறங்கிவிடும். மேலே ஆறு கிடையாது, ஓடை கிடையாது. ஜனங்கள் குட்டைத் தண்ணீரையும் கூரைத் தண்ணீரையும் பிடித்து வைத்துப் பிழைத்தார்கள். கோடையில் அதுவும் வற்றினால் மைல் கணக்கில் நடை.

பக்கத்து ஊரான இப்ஸ்டனைச் சேர்ந்தவர் எட்வர்ட் ரீட். இந்தியாவில் வடமேற்கு மாகாணங்களில் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். 1831ல் ஆசம்கரில் ஊர் ஜனங்களுக்காக ஒரு கிணறு வெட்டிக் கொடுத்தவர். காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங் அவருக்கு சிநேகிதர். பேச்சுவாக்கில் தன் ஊர்த் தண்ணீர்க் கஷ்டத்தை ரீட் சொல்லியிருக்கிறார். வீட்டில் கடைசியாக மிச்சமிருந்த தண்ணீரை ஒரு சின்னப் பையன் எடுத்துக் குடித்துவிட்டான், அதற்காகத் தாய் அவனை அடித்து நொறுக்கினாள் என்கிற கதை ராஜா மனசில் தங்கிவிட்டதாம். ரீட் ஊருக்கு ஒரு கிணறு கொடுப்பது என்று தீர்மானித்துவிட்டார்.

1863 மார்ச் 10ந் தேதி வேலை ஆரம்பம். அன்றைக்கு வேல்ஸ் இளவரசருக்குக் கல்யாணம். 1864 மே 24ந் தேதி திறப்பு விழா. அன்றைக்கு விக்டோரியா ராணிக்குப் பிறந்த நாள். ராஜாவுக்கு நாள் பார்க்கத் தெரியும்!

ஆழம் எவ்வளவு தெரியுமா? 368 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைத் தலைகீழாக உள்ளே இறக்கினால், அதற்கு அப்புறமும் நூற்றைம்பது அடி மிச்சம் இருக்கும். அகலம் வெறும் 4 அடி. அதற்குள் ஆள் இறங்கி, குனிந்து, இருட்டில், கையால் தோண்டியிருக்கிறார்கள். மெஷின் கிடையாது. நம் ஊரில் கிணறு வெட்ட பூதம் கிளம்பும் என்பார்கள். அந்த ஆழத்துக்குப் போனால் பூதமே, “அண்ணே, போதும்ணே” என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கும்.

இனி என் பி.காம். படிப்புக்கு வேலை. கிணற்றுச் செலவு 353 பவுண்டு, 13 ஷில்லிங், 7 பென்ஸ். கிணற்றுக் காவலாளிக்குக் குடிசை கட்டிய செலவு 74 பவுண்டு, 14 ஷில்லிங், 6 பென்ஸ். அந்தக் காலக் கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. கூட்டினால் 428 பவுண்டு, 8 ஷில்லிங், 1 பென்னி. (சரி பார்த்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு தடவை கூட்டினேன்.)

எனக்குப் பிடித்தது இந்தத் தொகை இல்லை. ராஜா கிணற்றோடு சேர்த்து ஒரு தோட்டமும் வாங்கிப் போட்டார். ‘இஷ்ரி பாக்’ என்று தன் பெயரையே வைத்து, செர்ரி மரங்கள் நட்டார். மீன் வடிவத்தில் ஒரு குட்டையும் உண்டு. மீன் அவருடைய சின்னம். செர்ரிப் பழம் விற்கிற காசில் கிணற்றைப் பராமரிக்க வேண்டும். ஜனங்களுக்குத் தண்ணீர் என்றைக்கும் இலவசம். யாரும் யாரிடமும் கையேந்த வேண்டாம். கணக்கு பாஷையில் சொன்னால், சொத்தும் அதைக் காப்பாற்றுகிற வருமானமும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்ட ஐந்தொகை!

எழுபது வருஷத்துக்கு மேல் அந்தக் கிராமம் அந்தத் தண்ணீரைக் குடித்தது. குழாய்த் தண்ணீர் வந்த பிறகுதான் கிணறு ஓய்ந்தது. ராஜா ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை. ஆனாலும் மறக்கவில்லை. 1871ல் கிணற்றுக்கு நடைபாதை போட்டுக் கொடுத்தார். 1882ல் விக்டோரியா ராணி துப்பாக்கிச் சூட்டிலிருந்து தப்பியபோது அதைக் கொண்டாட ஊருக்கே ரொட்டி, தேயிலை, சர்க்கரை, மதியச் சாப்பாடு. 1964ல் கிணற்றுக்கு நூற்றாண்டு விழா. எலிசபெத் ராணியின் கணவர் பிலிப் வந்திருந்தார். காசியிலிருந்து கங்கை ஜலம் வந்தது. அதை இந்தக் கிணற்றில் கலந்தார்கள்.

அறிவிப்புப் பலகையைப் படித்துப் படித்து நண்பன் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். அம்மா யானையைப் பார்க்கவில்லை. யானைக்குக் கீழே இருந்த பல்சக்கரத்தையும் கைப்பிடியையும் உற்றுப் பார்த்தார்.

“ஒரு வாளி மேல வர எம்புட்டு நேரம் ஆகும்?”

“பத்து நிமிஷம் ஆகுமாம்மா.”

“பத்து நிமிஷமா! அப்ப மணிக்கு ஆறு வாளி. விடிஞ்சதுலேருந்து பொழுது சாயுற வரைக்கும் இறைச்சாலும் எழுவது வாளி, எம்பது வாளி. ஊர்ல எத்தன வீடு இருந்துச்சாம்? கைப்பிடி சுத்துறவளுக்குத் தோள்பட்ட கழண்டிருக்குமே...”

ஆயிரக்கணக்கான பேர் வந்து யானையைப் படம் எடுத்துப் போன இடம். வரிசையில் நின்ற பெண்களின் தோள்பட்டையைப் பற்றிக் கேட்டவர் அன்றைக்கு இவர் ஒருத்தர்தான்.

நண்பனுக்கு வேறு எண்ணம். “எல்லாம் வெள்ளைக்காரனுக்கு ஐஸ் வெச்சதும்மா. 1857 கலகத்துல காசி ராஜா அவங்க பக்கம்தான் நின்னாரு. தேதியப் பாருங்க, இளவரசர் கல்யாணம், ராணி பிறந்த நாள்!”

நானும் என் பங்குக்கு எண்ணெய் ஊற்றினேன். “பணம் யாருதும்மா? காசிப் பக்கத்துக் குடியானவன் கட்டின வரி. கிணறு திறந்து ரெண்டே வருஷத்துல, 1866ல, ஒரிசாவுல பஞ்சம். லட்சக்கணக்குல செத்தாங்க. அந்தப் பக்கம் தண்ணிக்கும் சோத்துக்கும் வழியில்ல. இந்தப் பக்கம் கிணறு.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “கேக்க வேண்டிய கேள்விதான் தம்பி. ராஜாகிட்ட கேளு. ராணிகிட்ட கேளு. கிணத்துகிட்ட கேக்காத. இந்தத் தண்ணிய ராணியா குடிச்சா?”

எங்கள் இருவருக்கும் வாய் அடைத்துவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்து புளியோதரையைப் பிரித்தோம். அம்மா சாப்பிடவில்லை.

“அந்தப் பயல அடிச்சாள்ல, அவ ஆத்தா... எங்க ஆத்தாவும் என்ன அடிச்சிருக்கா. ரெண்டு மைல் நடந்து கொண்டாந்த கொடத்த வாசப்படியில போட்டு ஒடச்சிட்டேன். பத்து வயசு. வெளக்கமாறு பிஞ்சு போச்சு. அடிச்சிட்டு அவளே உக்காந்து அழுதா. அன்னிக்கு ராத்திரி சோறு பொங்கல. பொங்கத் தண்ணி இல்ல.”

நண்பனுக்கு இது புதுக் கதை. அவன் கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

“அதனாலதான் உங்கப்பாவ விடாம நச்சரிச்சுக் கிணறு வெட்டச் சொன்னேன். வேட்டு வெச்சு வெட்டினாரு. அம்பதடி வரைக்கும் சொட்டு இல்ல. ஊரே சிரிச்சுச்சு. என் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போச்சு. அறுவத்திரெண்டாவது அடியில ஊத்து பீச்சி அடிச்சுச்சு. கல்கண்டுத் தண்ணி! ஊர்ல பாதிப் பேருக்கு இன்னைக்கும் அதுதான் குடிதண்ணி. சங்கிலிய மீட்க முடியல, மூழ்கிப் போச்சு. நம்ம கிணத்துலதான் மூழ்கிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்.”

நண்பன் மெதுவாகக் கேட்டான். “இத்தன நாளா ஏம்மா சொல்லல?”

“நீ வெல என்னன்னு கேட்ட. இது வெலயில வராதேய்யா.”

எட்டு மாத ‘பாப்போம்’ அங்கேதான் முடிவுக்கு வந்தது. மஞ்சள் பையிலிருந்து பத்திரத்தை எடுத்து மடியில் விரித்தார். “நெலத்தக் குடுத்துருவோம். ஒனக்கு இங்க வீடு வேணும், எனக்குத் தெரியாதா? கிணத்தச் சுத்திப் பன்னெண்டு சென்டும், வரப்போரமா இருக்க ஒம்பது புளியமரமும் விக்கக் கூடாது. ஊருக்கு எழுதி வெச்சிரணும். புளியமரக் குத்தகைப் பணத்துல கிணத்தப் பாத்துக்கிறட்டும். இந்த ராஜா பழமரம் வெச்ச மாதிரி.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ பி.காம்.முதான தம்பி? கணக்கு ஒத்து வருமான்னு போடு.”

பன்னிரண்டு வருஷமாக அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நான் செய்த உருப்படியான காரியம் அன்றைக்குத்தான். பாலிதீன் பையைக் கிழித்து... இல்லை, அதில் பேனா எழுதாது என்பதால் பார்க்கிங் ரசீதின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். வரவு: புளியமரக் குத்தகை வருஷத்துக்கு 18,000. செலவு: மோட்டாருக்குக் கரண்டும் ரிப்பேரும் மாதம் 800 வீதம் 9,600. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை தூர் வார, வருஷத்துக்கு 8,000 ஒதுக்கீடு. பைப்பு, வால்வு, பூட்டு இத்யாதி 3,000. ஆக 20,600. துண்டு விழுவது 2,600.

“இவ்வளவுதானா? இருபத்தஞ்சு பவுண்டுகூட ஆகாது. வருஷா வருஷம் நானே அனுப்பிடுறேம்மா” என்றான் நண்பன், பெருந்தன்மையோடு.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “நீ அனுப்பினா அது உன் கிணறு. என்னிக்காவது நீ மறந்தா, வாசல்ல வந்து நிப்பாங்க. மரம் குடுத்தாத்தான் ஊர்க் கிணறு. வேலியோரமா நாலு முருங்கை வெச்சா ஆறு மாசத்துல காய்க்கும்.”

காசி ராஜா செர்ரி, அருப்புக்கோட்டை ராணி முருங்கை!

கதை சுபமாக முடிந்தது என்று எழுத ஆசைதான். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஊர் திரும்பியதும் மனைக்காரர் கிணற்றை விட்டுவிட்டு நிலம் வாங்க முதலில் மறுத்தார். கிணறு இருக்கிற மூலைதான் சாலையோரமாம். ஒரு மாதம் இழுபறி. கடைசியில் மூன்று லட்சம் குறைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். மூன்று லட்சம் என்றதும் நண்பன் அம்மாவோடு நாலு நாள் பேசவில்லை. அவனைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்யதை? அங்கே வீட்டு விலை அப்படி. அவன் வாங்க நினைத்த வீட்டில் ஓர் அறை குறைந்தது.

ஐந்தாம் நாள் அவனிடமிருந்து எனக்கு போன். மூன்று லட்சம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. “நாலு முருங்கை போதுமாடா, இல்ல எட்டா வெச்சிரலாமா?” என்றான்.

பத்திரம் பதிந்தாகிவிட்டது. கிணற்றங்கரையில் ஒரு பலகை வைக்கலாம், அப்பா பெயரை எழுதலாம் என்று நான் சொன்னேன். “தண்ணி குடிக்கிறவுகளுக்குத் தெரியும்” என்று அம்மா முடித்துவிட்டார். ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வரச் சொன்னார். போன வாரம் போயிருந்தபோது காட்டினார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி. அதன் கீழே பென்சிலில், கோணல் மாணலாக, முதல் வரவு:

‘முருங்கக்கா வித்த வகையில் ரூ. 340.’